ஹியோரி ஐந்தில் புதிய வசதிகள்

ஹாச்சினோஹே
2016 அக்டோபர் 24

குசே தகேஹிகோ அவர்களுக்கு,

இங்கே காலையில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மாட்சுமோட்டோவில் மலை உச்சிகள் வெளுத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு முறை எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. வலைப்பக்கத்தின் அடியில் விற்பவர் முகவரி என்று சட்டத்துக்காகப் பொடி எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக் கணினியில் 2009 முதல் உங்கள் ஹியோரி ஓடுகிறது. அரை மணிக்கு ஒருமுறை திரையின் பின்னணிப் படத்தை மாற்றுகிற புரோகிராமுக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். இதுவும் நன்றிக் கடிதம் இல்லை, புகார்.

இந்த மாதம் ஐந்தாம் பதிப்பு தானாக வந்து இறங்கியது. புதிய வசதிகள் என்று பதினொன்றைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். மழை நாளில் மழைப் படம் வருவது அழகு. ஆனால் பிடிக்காத படத்துக்குப் பெருக்கல் குறி போட்டால் அது இனி வராது என்ற வசதியில் ஏதோ கோளாறு. நான் எதற்கும் குறி போடவில்லை. நான் எடுத்துப் போட்ட படங்களில் பதினான்குக்கு விழுந்திருக்கிறது. நேரத்தைப் பார்த்தால் எல்லாமே மதியம் பன்னிரண்டேகாலை ஒட்டி. அப்போது நான் வேலையில் இருப்பேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

சரிசெய்து கொடுங்கள்.

ஓரிதோ கனயே


மாட்சுமோட்டோ
அக்டோபர் 30

ஓரிதோ அவர்களுக்கு,

எனக்கு உங்களைப் போல் பருவநிலையில் கடிதத்தைத் தொடங்கத் தெரியாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புரோகிராமில் பிழை இல்லை. பட்டியலில் ஏழாவது வசதியை நீங்கள் படிக்கவில்லை. ஒரே உரிம எண்ணில் இரண்டு கணினிகள் இருந்தால் இரண்டின் படங்களும் தாமாகவே ஒன்றுசேரும். ஒன்றில் போடும் பெருக்கல் குறி மற்றதிலும் விழும். உங்கள் எண்ணில் இரண்டாவதாக ஒரு லேப்டாப் பதிவாகியிருக்கிறது. அதில் யாரோ குறி போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த லேப்டாப் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாமென்றால் அமைப்புகளில் ஏழாவது கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான் பகலில் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவன். ஹியோரிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பதில் தாமதமானதற்கு அதுவே காரணம்.

குசே


ஹாச்சினோஹே
நவம்பர் 4

குசே அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு பட்டியலில் ஏழாவது வசதியைத் தேடிப் படித்தேன்.

அந்த லேப்டாப் என் கணவர் இசாமுவிடம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 18 காலை அதையும் ஒரு கைப்பையையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். காலணியைக்கூட வாசலில் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு, பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இப்படிச் சொல்லாமல் மறைந்து போகிறவர்களை, ஆவியாகிவிட்டார் என்று இங்கே சொல்வார்கள்.

வரும் ஏப்ரலோடு ஏழு வருடம். அதற்குப் பிறகு குடும்ப நீதிமன்றத்தில் கேட்டால் இறந்தவர் என்று தீர்ப்பாகி, குடும்பப் பதிவேட்டில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். என் கணவரின் அண்ணன் கென்சாகு விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருக்கிறார். இந்த ஏழு வருடத்தில் எந்தத் தடயமும் இல்லை என்று நான் எழுதி, என் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். போன வாரமும் வந்து, "இன்னும் எத்தனை நாளைக்கும்மா அவனுக்கும் சேத்து சோறு வடிக்கப் போற? முத்திரையை வச்சுட்டு உன் பாட்டைப் பாரு," என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அவர் உயிரோடு இருந்தால் நான் எப்படி வைப்பேன்?

குறி விழுந்த பதினான்கையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் நாங்கள் வேலை செய்யும் மீன் பதனிடும் ஆலை தெரிகிறது. கடற்காக்கைகளையும் எங்கள் பூனையையும் அவர் தொடவில்லை. இது அவர்தான். அந்த லேப்டாப் எந்த ஊரில் இருக்கிறது என்று உங்கள் சர்வருக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கனயே


மாட்சுமோட்டோ
நவம்பர் 9

ஓரிதோ அவர்களுக்கு,

சொல்ல மாட்டேன்.

முதல் காரணம். ஏழு வருடத்தில் ஒரு லேப்டாப் எத்தனை கை மாறும்? பழைய சாமான் கடையில் அதை வாங்கிய யாரோ ஒருவர், தனக்குத் தெரியாத ஆலையின் படங்கள் திடீரென்று திரையில் வந்தால் குறி போடத்தான் செய்வார். பூனைப் படத்தை யார்தான் நீக்குவார்கள்?

இரண்டாவது காரணம் என்னைத் தூங்கவிடாதது. உங்கள் கடிதம் வந்த அதே வாரம் வேறொரு பெண் எழுதியிருந்தார். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வேறு ஊரில் வாடகைக்கு இருந்திருக்கிறார். புது ஜன்னலிலிருந்து எடுத்த படத்தைத் தன் கணினியில் போட்டிருக்கிறார். ஏழாவது வசதி அதைக் கொண்டுபோய் அந்த ஆளின் திரையில் விரித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ரயில் நிலையப் பெயர்ப்பலகை. இரண்டே நாளில் அவர் மறுபடி வீடு மாற வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் அந்த டிக்கைப் போட்டு வைத்தவன் நான். வசதி என்று நினைத்தேன்.

நேற்று சர்வரிலேயே அதை எல்லோருக்கும் நிறுத்திவிட்டேன். எந்தக் கணினி எங்கிருந்து வந்தது என்ற குறிப்புகளையும் அழித்துவிட்டேன். இனி நானே நினைத்தாலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கணவர் ஏன் போனார் என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணைத் தேடுகிற ஆளும் இப்படித்தான், கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதுவான்.

குசே


ஹாச்சினோஹே
நவம்பர் 13

குசே,

அவர்களுக்கு என்று போட இன்று மனம் வரவில்லை.

ஆறரை வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதரின் விரல் அசைந்தது எனக்குத் தெரிந்தது. பதினைந்து நாள்கூட ஆகவில்லை, கதவைச் சாத்திவிட்டு, சாவியையும் கடலில் வீசிவிட்டேன் என்று எழுதுகிறீர்கள். அதுவும் போதாதென்று நான் அவரை அடித்து விரட்டியவளாக இருக்கலாம் என்கிறீர்கள். பல் செய்கிற கைக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஏன் போனார் என்று கேட்டீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஆலையில் குளிரறைப் பொறுப்பாளர். அந்த மார்ச்சில் ஒரு மாலை கதவின் ரப்பர் விலகியிருந்ததைக் கவனிக்காமல் பூட்டிவிட்டு வந்தார். நாற்பது டன் கானாங்கெளுத்தி கெட்டுப்போனது. அவரை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. முதலாளி திட்டவும் இல்லை. அவராகவே ஆலையில் வேலை செய்யும் இருபத்தாறு பேர் வீட்டுக்கும் நடந்துபோய், வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இருபத்தாறாவது வீட்டில் ஹத்சுயோ அக்கா, "எந்திரிங்க இசாமு, மீனுதானே போச்சு, ஆளா போச்சு?" என்று சொல்லியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பாரோ என்னவோ.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. அது என் தவறு. அவருக்கு நேரம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னைத் தெரிந்துவிட்டதா?

ஓரிதோ கனயே


மாட்சுமோட்டோ
நவம்பர் 27

ஓரிதோ அவர்களுக்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அதைச் சொன்ன விதத்துக்கு மன்னித்துவிடுங்கள். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

ஒன்று யோசித்திருக்கிறேன். ஏழாவது வசதியில் என் குற்றம், மறுபக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் விட்டது. கேட்டால்? அடுத்த பதிப்பில் இப்படி வைக்கலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கேள்விப் பெட்டி போகும். "இதே எண்ணுள்ள மற்றொரு கணினி உங்களோடு படங்களைப் பகிர விரும்புகிறது." கீழே மூன்று பொத்தான்கள். சரி. வேண்டாம். இனிக் கேட்க வேண்டாம். மூன்றாவதை அழுத்திவிட்டால் அந்த வழி நிரந்தரமாக மூடிவிடும். நானும் திறக்க முடியாது. திறக்க முடியாதபடிதான் எழுதப் போகிறேன்.

எழுத எத்தனை ஞாயிறு ஆகும் என்று தெரியவில்லை. அவர் மூன்றாவதை அழுத்தினால் உங்களால் தாங்க முடியுமா என்றும் தெரியவில்லை. அதையும் யோசியுங்கள்.

குசே


ஹாச்சினோஹே
2017 ஜனவரி 10

குசே அவர்களுக்கு,

தாங்குவேனா இல்லையா என்பது என் பாடு. பதிப்பு எங்கே?

புத்தாண்டுக்கு கென்சாகு வந்தார். மோச்சி அரிசி உருண்டை சாப்பிட்டுக்கொண்டே படிவத்தை மேசையில் வைத்தார். "ஏப்ரல் பதினெட்டு முடிஞ்ச மறுநாளே குடுத்துரணும். குடும்பக் கல்லறைக் கல்லுல அவன் பேரை வெட்டச் சொல்லியாச்சு," என்றார். லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல படம் மாறுனா ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தமா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று சிரித்தார். சிரித்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிடாமலே எழுந்து போனார்.

கல்லில் பெயரை வெட்டிவிட்டால் பிறகு எப்படி எடுப்பது?

கனயே


மாட்சுமோட்டோ
ஜனவரி 29

ஓரிதோ அவர்களுக்கு,

ஐந்து புள்ளி இரண்டு தயார். புதன்கிழமை எல்லோருக்கும் போகும். இந்த முறை பட்டியலில் ஒரே ஒரு புதிய வசதிதான், கேள்விப் பெட்டி. அந்தப் பெண்ணுக்கும் எழுதி, அவருடைய எண்ணுக்கு எந்தப் பெட்டியும் போகாதபடி முன்பே அடைத்துவிட்டேன். அவர் பதில் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை.

கேள்வியோடு ஒரே ஒரு படம் அனுப்பலாம். எழுத்து அனுப்ப முடியாது. எழுத்து என்றால் மிரட்டலும் போகும். மறுபக்கத்தில் இருப்பவரும் விரும்பினால் பதிலுக்கு ஒரு படம் வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம்.

ஆகவே எந்தப் படம் என்பதை நன்றாக யோசியுங்கள். பழைய சாமான் கடையில் வாங்கியவருக்கு ஒன்றுமே புரியாத படமாக இருக்க வேண்டும். உங்கள் கணவர் என்றால் அவருக்கு மட்டும் புரிய வேண்டும். பூனை வேண்டாம்.

குசே


ஹாச்சினோஹே
பிப்ரவரி 6

குசே அவர்களுக்கு,

பனி வாசற்கதவின் பாதி வரை ஏறிவிட்டது. இன்று காலை படத்தை அனுப்பிவிட்டேன். எந்தப் படம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆலையின் நுழைவாயிலில் பெயர்ப்பலகைத் தட்டி இருக்கிறது. ஆளுக்கொரு சிறு மரப்பலகை. வேலைக்கு வந்ததும் கறுப்பு எழுத்துப் பக்கத்தைத் திருப்பி வைக்க வேண்டும், போகும்போது சிவப்பு எழுத்துப் பக்கம். என் கணவருக்குத் தூரிகை எழுத்து நன்றாக வரும். அதனால் அத்தனை பெயரையும் இரண்டு பக்கமும் எழுதியவர் அவர்தான். அவர் போன பிறகு அவருடைய பலகையை யாரும் கழற்றவில்லை. ஏழு வருடமாகச் சிவப்பாகத் தொங்குகிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள், "யாருக்கா இவரு, ஒரு நாள்கூட வேலைக்கு வர்றதே இல்லை?" என்று கேட்டதற்கு ஹத்சுயோ அக்கா, "லீவுல இருக்காரு, உனக்கென்ன?" என்று வாயை அடைத்தாள்.

அந்தத் தட்டியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். தன் பலகை அங்கேயே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

படம் லேசாக மங்கல். பரவாயில்லைதானே?

கனயே


மாட்சுமோட்டோ
மார்ச் 20

ஓரிதோ அவர்களுக்கு,

இதைச் சொல்லக் கூடாது. என் விதியை நானே மீறுகிறேன்.

உங்கள் பெட்டி மறுபக்கத்தில் மூன்று முறை திறந்திருக்கிறது. மூன்று முறையும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் மூடியிருக்கிறார்கள். பழுது ஏதும் வருகிறதா என்று பார்ப்பதற்காக வைத்த கணக்கு அது. பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

மூன்று முறை திறந்தார் என்றால் அவர்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைக்க ஆசைப்படுகிறேன். ஆனால் எரிச்சலில் பெட்டியை மூடுகிற யாரோ ஒருவராகவும் இருக்கலாம். நிரூபணம் இல்லை. இதை நம்பி முத்திரை வைக்காமலும் இருக்காதீர்கள், வைக்கவும் செய்யாதீர்கள். என்னதான் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பொத்தானில் "வேண்டாம்" என்ற சொல்லை இன்னும் மென்மையாக எழுதியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

குசே


ஹாச்சினோஹே
ஏப்ரல் 16

குசே அவர்களுக்கு,

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து கணினியைத் திறந்தேன். பதில் வந்திருந்தது. மதியம் பன்னிரண்டு பதினெட்டுக்கு.

மூன்றாவது பொத்தான். இனிக் கேட்க வேண்டாம்.

முதலில் அதை மட்டும்தான் பார்த்தேன். தாங்குவேன் என்று உங்களிடம் வீறாப்பாக எழுதினேன் அல்லவா, தாங்க முடியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் அடியில் ஒரு படம் இருப்பதைக் கவனித்தேன்.

அதுவும் ஒரு பெயர்ப்பலகைத் தட்டி. எங்களுடையது இல்லை. மரம் புதிது, சுவர் வேறு, பலகைகள் பத்தொன்பது. பெயர்கள் எதுவும் எனக்குத் தெரியாதவை. இசாமு என்ற பெயர் இல்லை, ஓரிதோ இல்லை. ஆனால் எழுத்து அவருடையது. ஒவ்வொரு பெயரிலும் கடைசிக் கோட்டைத் தூரிகை தூக்காமல் கொஞ்சம் கீழே இழுத்து விட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் அதைப் பார்த்தவள் நான்.

இருந்தாலும் என் ஆசையே எனக்கு அப்படிக் காட்டுகிறதோ என்று பயந்தேன். நீங்கள் கேட்ட நிரூபணம் வேண்டுமே. மறுநாள் கென்சாகுவைக் கூப்பிட்டேன். எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது, எதையும் சொல்லவில்லை. படத்தைத் திரை முழுக்க விரித்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது அவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ஆசிரியர்தான் சின்ன வயதில் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசிக் கோட்டை இழுத்ததற்காக இசாமு விரல் கணுவில் அடி வாங்கியதை இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

"எங்க இருக்கான் அந்தக் கழுதை?" என்றார்.

"தெரியலை."

"எந்தப் பேர்ல இருக்கான்?"

"அதுவும் தெரியலை. பத்தொன்பதுல ஒண்ணு."

"இவ்வளவு நாள் கழிச்சும் அந்தக் கோட்டைத் திருத்திக்கலை பாரு, மடையன்." மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தேநீர் கொட்டியது. பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, "முத்திரை வைக்க மாட்டேன்," என்றேன். அவரே அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "கல்லு வெட்டுறவன்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

இரண்டு உதவி வேண்டும். எங்கள் எண்ணிலிருந்து என் கணினியை மட்டும் எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வலிக்கிறது, ஆனால் கேட்டது. அவருடைய லேப்டாப்பில் மட்டும் ஹியோரி நிற்காமல் ஓடட்டும். மதியச் சோற்று வேளையில் அவர் படம் பார்க்கிறார் போலிருக்கிறது. எனக்குப் புது எண் ஒன்று கொடுங்கள். இனி என் வாழ்க்கையை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு யோசிப்பது வேறு.

அந்தப் படத்தை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தேன் என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்தொன்பது பலகையும் கறுப்பு. அன்று எல்லோரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அவர்.

நேற்று ஆலையில் ஹத்சுயோ அக்கா, அவருடைய பலகையைக் கழற்றிக் கொடுக்கட்டுமா, வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்டாள். வேண்டாம், அது அங்கேயே சிவப்பாக இருக்கட்டும் என்றேன். இன்று வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஓரிதோ கனயே